முழங்காலுக்கு ஏறிய வட்டி

"இதுக்கு மேல தள்ளாதீங்கம்மா. ஆபரேஷன் பண்ணியே ஆகணும்" என்றார் டாக்டர். அது 2020 பிப்ரவரி. ஏப்ரலில் அதே டாக்டர் போனில், "ரெண்டு மூணு மாசம் தள்ளிப்போனா ஒண்ணும் ஆயிடாதும்மா, பயப்படாதீங்க" என்றார். முழங்கால் அதேதான். எக்ஸ்ரேயும் அதேதான். இரண்டு பேச்சில் எது உண்மை?

ஆவடியில் ஒரு வீட்டில் நடந்ததாக இதை வைத்துக்கொள்ளுங்கள். கணவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டி ஓய்ந்தவர். அம்மாவுக்கு அறுபத்திநான்கு வயது, சர்க்கரை உண்டு, இரண்டு முழங்காலும் வளைந்துவிட்டன. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. நகரத்து அரசு மருத்துவமனை ஒன்றில் முழங்கால் மூட்டு மாற்று அறுவைக்கு நாளும் குறித்திருந்தார்கள். இப்படி ஒரே ஒரு அம்மா இல்லை. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி தெருக்களில் கண்ட பலரைச் சேர்த்து நான் செய்துகொண்ட அம்மா. அந்த மார்ச்சில் அவருடைய நாள் காணாமல் போயிற்று. மத்திய சுகாதார அமைச்சகம் அவசரமில்லாத அறுவைகளை ஒத்திவைக்கச் சொன்னது. 25ஆம் தேதி கொரோனா ஊரடங்கில் நாடே அடைபட்டது.

நிறுத்தியது சரியா என்று அப்போது பெரிதாக யாரும் கேட்கவில்லை. கேட்கவும் நேரமில்லை. சிக்கலான கேள்வி பிறகுதான் வந்தது. எப்போது மறுபடி தொடங்குவது, யாரை முதலில் கூப்பிடுவது? இது மருத்துவக் கேள்விபோலத் தெரியும். உரித்துப் பார்த்தால் பாதி கணக்கு, பாதி அறம்.

முதலில் சொல்லிலேயே ஒரு வில்லங்கம். உடனே செய்யாவிட்டால் உயிர் போகும் அறுவையை அவசர அறுவை என்கிறோம். நாள் பார்த்துச் செய்வதை ஆங்கிலத்தில் 'எலெக்டிவ்' என்பார்கள். தமிழ்க் கலைச்சொல்லாளர்கள் 'தெரிவு அறுவை' என்று ஆக்கிவைத்திருக்கிறார்கள். கேட்பவருக்கு என்ன தோன்றும்? வேண்டுமென்றால் செய்துகொள்ளலாம், வேண்டாமென்றால் விடலாம், ஏதோ புடவைக் கடையில் தெரிவு செய்வதுபோல. உண்மையில் அங்கே தெரிவுக்கு உரியது நாள் மட்டும்தான். தேவை தெரிவுக்கு உரியதல்ல.

நான் இதற்குத் 'தவணை அறுவை' என்று பெயர் வைக்க விரும்புகிறேன். காரணம், அதே மார்ச் மாதம் நடந்த இன்னொரு காரியம். 27ஆம் தேதி ரிசர்வ் வங்கி, கடன் தவணைகளை மூன்று மாதம் கட்டாமல் இருக்கலாம் என்று சலுகை தந்தது. பிறகு அது ஆகஸ்ட் இறுதிவரை நீண்டது. இ.எம்.ஐ. கட்டிய வீடுகளெல்லாம் மூச்சு விட்டன. கொஞ்ச நாளில்தான் பலருக்கு உறைத்தது: தவணைதான் நின்றது, வட்டி நிற்கவில்லை. முழங்காலும் அப்படித்தான். "ஒண்ணும் ஆயிடாது" என்ற டாக்டர் தவணையைப் பற்றிப் பேசினார். "தள்ளாதீங்க" என்ற டாக்டர் வட்டியைப் பற்றிப் பேசினார். இரண்டும் உண்மையே.

வட்டி எப்படி ஏறுகிறது? தொடை எலும்பின் நுனியிலும் கீழ்க்கால் எலும்பின் தலையிலும் சில மில்லிமீட்டர் கனத்தில் வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. அதற்குள் ரத்தக்குழாய் கிடையாது, நரம்பும் கிடையாது. பிறகு அது என்ன தின்று வாழ்கிறது? பாத்திரம் தேய்க்கும் பஞ்சை நினைத்துக்கொள்ளுங்கள். அழுத்தினால் நீர் வெளியேறும், விட்டால் உறிஞ்சும். நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் குருத்தெலும்பு இப்படிப் பிழிந்து உறிஞ்சித்தான் மூட்டுத் திரவத்திலிருந்து சத்தெடுக்கிறது. ரத்த ஓட்டம் இல்லாததால் கிழிந்தால் சரியாக ஆறாது. இப்படிக் குருத்தெலும்பு கெட்டுப்போவதை நம் ஊரில் 'தேய்மானம்' என்பார்கள். டயர் தேய்வதுபோல என்று நினைத்துவிடக் கூடாது; அழற்சியும் உண்டு, உடல் சரிசெய்யப் பார்த்துத் தோற்றதும் உண்டு, ஓரங்களில் முள்போல எலும்பு வளர்வதும் உண்டு. வலிப்பது குருத்தெலும்பு அல்ல. அதன் அடியிலுள்ள எலும்பும், மூட்டைச் சுற்றிய சவ்வும்தான்.

வலிக்கும் மூட்டை யாரும் அதிகம் அசைக்கமாட்டார்கள். அசைக்காததால் தொடையின் முன்தசை மெலியும். தசை மெலிந்தால் மூட்டின்மேல் பாரம் கூடும், வலி கூடும், அசைவு இன்னும் குறையும். இது வட்டிக்கு வட்டி. மடக்கியே வைத்திருக்கும் காலை ஒரு கட்டத்துக்கு மேல் முழுதாக நீட்ட வராது. நடை போனால் சர்க்கரை ஏறும். ஊரடங்கிலும் மெடிக்கல் ஷாப் திறந்திருந்தது. சீட்டில்லாமல் வாங்கிப் போட்ட வலி மாத்திரைகள் வயிற்றையும் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும், ரத்த அழுத்தத்தையும் ஏற்றும். கடன் விஷயத்தில் வட்டிக்கு வட்டி வாங்கக் கூடாது என்று 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மூட்டுக்கு அப்படிச் சொல்ல நீதிமன்றம் இல்லை.

அப்படியானால் பிறகு அறுவை செய்தால் எல்லாம் நேராகிவிடாதா? இங்கேதான் பழைய ஆய்வு ஒன்று கைகொடுக்கிறது. 1999இல் பாஸ்டன், மாண்ட்ரியல் நோயாளிகளைப் பின்தொடர்ந்து வெளியான ஆய்வு அது. அறுவைக்கு முன் நடமாட்டம் மிகவும் குன்றிப்போனவர்கள் அறுவைக்குப் பின் நன்றாகவே முன்னேறினார்கள். ஆனாலும் ஆறு மாதம் கழித்தும் மற்றவர்கள் நின்ற இடத்தை எட்டவில்லை. பள்ளத்தில் எவ்வளவு ஆழத்திலிருந்து ஏறத் தொடங்குகிறோம் என்பது, எவ்வளவு உயரம் போகிறோம் என்பதையும் தீர்மானிக்கிறது. எல்லா முழங்காலுக்கும் ஒரே வட்டி விகிதம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். சிலருக்குக் காத்திருப்பில் வலி அப்படியே நிற்கிறது. உடற்பயிற்சியால் தேறுபவர்களும் உண்டு. யாருக்கு எந்த விகிதம் என்று பார்க்காமலேயே எல்லோருக்கும் ஒரே தவணைச் சலுகை தந்ததில்தான் கோளாறு.

சரி, வைரஸ் பக்கத்துக் கணக்கைப் பார்ப்போம். ஏன் அவ்வளவு பயந்தார்கள்?

2020 மே மாதம் லான்செட் இதழில் வந்த ஓர் எண் அறுவை மருத்துவர்களை உலுக்கியது. கோவிட்சர்ஜ் என்ற கூட்டமைப்பு 24 நாடுகளில் 235 மருத்துவமனைகளிலிருந்து 1,128 நோயாளிகளின் விவரத்தைத் திரட்டியிருந்தது. எல்லோரும் அறுவையை ஒட்டிய நாட்களில் கொரோனா தொற்று இருந்ததாகக் கண்டறியப்பட்டவர்கள். முப்பது நாளுக்குள் இறந்தவர்கள் 23.8 விழுக்காடு. நாள் குறித்துச் செய்த அறுவைகளை மட்டும் பிரித்துப் பார்த்தாலும் 18.9. சாதாரணக் காலத்தில் மூட்டு மாற்றுக்குப் பின் ஒரு மாதத்துக்குள் இறப்பவர் ஆயிரத்தில் சிலர்தான். ஐந்தில் ஒருவர் எங்கே, ஆயிரத்தில் சிலர் எங்கே?

எண் சரியானதுதான். ஆனால் அது எந்தக் கேள்விக்குப் பதில் என்பதைப் பார்க்க வேண்டும். 'அறுவைக்குப் போனால் நான் சாக எவ்வளவு வாய்ப்பு' என்ற கேள்விக்கு அது பதில் அல்ல. 'அறுவையும் செய்துகொண்டு, அதை ஒட்டித் தொற்றும் உறுதியானால்' என்ற கேள்விக்குத்தான் பதில். மழை பெய்யுமா, பெய்தால் கூரை ஒழுகுமா என்ற இரண்டு தனிக் கேள்விகளைப்போல இது. ஒழுகும் கூரைதான், ஆனால் சித்திரை வெயிலில் அதன் கீழ் பாய் விரிக்கலாம். அதிலும் அந்த 1,128 பேர் தொற்றின் முதல் மூன்று மாதத்தில் சேர்ந்தவர்கள். பரிசோதனைக் குச்சிகளுக்கே பஞ்சமான காலம். நோய் கடுமையாகத் தெரிந்தவர்களைத்தான் சோதித்திருப்பார்கள். லேசாக வந்து போனவர்கள் கணக்குக்கே வந்திருக்கமாட்டார்கள்.

விளக்கத்துக்காக நானே எண்களை வைக்கிறேன். ஊரில் நூறில் ஒருவர் அறிகுறியில்லாமல் தொற்றோடு திரிகிறார் என்றால், ஆயிரம் பேரை அறுவைக்குக் கூப்பிட்டால் பத்துப் பேர் தொற்றோடு வருவார்கள். சோதனை பாதிப் பேரைப் பிடித்தால் ஐந்து பேர் மேசையில் ஏறுவார்கள். ஐந்தில் ஒருவர் என்ற கணக்கில் ஓர் இறப்பு. ஊரில் தொற்று ஆயிரத்தில் ஒருவராக இறங்கினால் அதே இறப்பு பத்தாயிரம் அறுவைக்கு ஒன்று என்றாகும். மருத்துவர் கையும் மயக்க மருந்தும் மாறவில்லை. மாறியது அறுவைக் கூடத்துக்கு வெளியே, சி.டி.எச். சாலையிலும் பூந்தமல்லி டிரங்க் ரோட்டிலும் திரிந்த தொற்றின் அளவு. ஆகவே 'மூட்டு மாற்று பாதுகாப்பானதா?' என்று பொதுவாகக் கேட்பதில் பொருளில்லை. எந்த வாரத்தில், எந்த ஊரில் என்று சேர்த்துக் கேட்க வேண்டும்.

சோதனை பாதியைத்தானா பிடிக்கும் என்று கேட்பீர்கள். ஆர்டி-பிசிஆர் வல்லமையானதுதான், ஆனால் வைரஸ் மூக்கில் பெருகியிருந்தால்தான் பிடிக்கும். ஏழு ஆய்வுகளின் தரவைச் சேர்த்து 2020இல் கணித்தபோது, அறிகுறி தோன்றும் நாளில்கூடத் தொற்றுள்ளவர்களில் சுமார் 38 விழுக்காட்டினருக்கு 'இல்லை' என்றே வந்தது. மூன்று நாள் கழித்து 20 விழுக்காடு. அறிகுறிக்கு முந்தைய நாட்களில் இன்னும் மோசம். பந்தியில் உட்காரும் முன்பே சாப்பாடு எப்படி என்று கேட்பதுபோலத்தான்.

அடுத்த ஆண்டு அதே கூட்டமைப்பு இன்னும் பயனுள்ள ஒரு பதிலைத் தந்தது. 2020 அக்டோபரில் 116 நாடுகளில் அறுவை செய்துகொண்ட 1,40,231 பேர். அவர்களில் 3,127 பேருக்கு முன்பே கொரோனா வந்து போயிருந்தது. தொற்றுக்குப் பின் இரண்டு வாரத்துக்குள் அறுவை செய்தவர்களில் இறப்பு 4.1 விழுக்காடு, ஆறு வாரம் வரை பெரிதாகக் குறையவில்லை, ஏழாவது வாரம் தாண்டியதும் 1.5. தொற்றே வராதவர்களுக்கும் அதே 1.5. ஏழு வாரம் ஆகியும் இருமலோ மூச்சிரைப்போ விடாதவர்களுக்கு மட்டும் ஆறு விழுக்காடு. இதிலிருந்துதான் 'ஏழு வாரம் பொறுங்கள்' என்ற விதி வந்தது. ஒரு முழு மண்டலம் என்று வைத்துக்கொண்டால் நினைவில் நிற்கும். 48 நாள், ஒரே ஒரு நாள்தான் குறைவு.

ஆக, ஒருவருடைய ஆபத்தைக் கணக்கிட வழி கிடைத்தது. ஆனால் தொடங்குவது ஒருவரைப் பொறுத்தது மட்டுமல்ல. படுக்கையும் ஆக்சிஜனும் செவிலியரும் கவச உடையும் எல்லோருக்கும் பொது. இதைப் புரிந்துகொள்ள மேற்குச் சென்னைக்காரர்கள் தூரம் போக வேண்டாம். பூந்தமல்லியிலிருந்து கொஞ்ச தூரத்தில் செம்பரம்பாக்கம் ஏரி இருக்கிறது.

முழு ஆழம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கனஅடி. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் வந்தபோது, ஏரியில் முன்கூட்டியே இடம் விட்டு வைத்திருக்க வேண்டாமா என்ற வாதம் எழுந்தது, இன்னும் ஓயவில்லை. 2019 கோடையிலோ ஏரி வறண்டு தரை வெடித்துக் கிடந்தது. குடத்தோடு லாரிக்கு நின்றோம். நிரப்பியே வைத்தால் வெள்ளத்துக்கு இடமில்லை. வெள்ளத்துக்குப் பயந்து காலியாகவே வைத்தால் கோடைக்குத் தண்ணீரில்லை. மருத்துவமனையும் ஏரிதான். எல்லாப் படுக்கையிலும் முழங்கால்களைப் படுக்கவைத்தால் அடுத்த அலைக்கு இடமில்லை. அலைக்குப் பயந்து மாதக்கணக்கில் வார்டைக் காலியாக வைத்தால், அந்த வறட்சிக்கும் சாவும் ஊனமும் உண்டு. அது மாலை நேரக் கொரோனா அறிக்கையில் வராது, அவ்வளவுதான்.

2020 நவம்பர் 25 அன்று நிவர் புயல் நெருங்கியபோது, நீர்மட்டம் 22 அடியைத் தொட்டதும் மதகைத் திறந்தார்கள். முதலில் விநாடிக்கு 1,000 கனஅடி. 24 அடிவரை காத்திருக்கவில்லை. எந்த அடியில் திறப்பது என்பது முன்பே பேசிவைத்தது. வரத்து எவ்வளவு, இருப்பு எவ்வளவு என்று ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. அறுவைக்கூடத்தைத் திறப்பதற்கும் மூடுவதற்கும் இப்படி ஒரு 22 அடி வேண்டும். தீவிர சிகிச்சைப் படுக்கையில் இத்தனை விழுக்காடு நிரம்பினால் நிறுத்துவோம், இத்தனைக்குக் கீழே இறங்கினால் தொடங்குவோம் என்று அலை வருமுன்பே சொல்லிவைக்க வேண்டும். அலை நடுவில் முடிவெடுப்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் பயத்தில் முடிவெடுப்பார், அல்லது பணத்துக்காக.

மூட்டு மாற்றுக்கு இதில் ஒரு சௌகரியம் உண்டு, அதை அதிகம் பேர் கவனிக்கவில்லை. பெரும்பாலானவர்களுக்கு முதுகுத்தண்டில் ஊசிபோட்டு இடுப்புக்குக் கீழ் மரத்துப்போகச் செய்தே அறுவை முடியும். குழாய் செருகி மூச்சு கொடுக்க வேண்டியதில்லை. சில நாட்களில் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். அதாவது இது சட்டென்று அடைக்கக்கூடிய மதகு. இன்று நிறுத்தினால் அடுத்த வாரம் படுக்கை காலி. அதனாலேயே முதலில் நிறுத்தப்பட்டது மூட்டு மாற்று. அதே காரணத்தால் சீக்கிரம் திறந்து பார்க்கத் தகுந்ததும் அதுதான். நிறுத்தும்போது நினைவுக்கு வந்த நியாயம் திறக்கும்போது பலருக்கு நினைவுக்கு வரவில்லை.

மூடிவைத்ததன் அளவு என்ன? கோவிட்சர்ஜ் 71 நாடுகளில் 359 மருத்துவமனைகளின் அறுவை மருத்துவர்களைக் கேட்டு, அந்தப் பதில்களைக் கணித மாதிரியில் போட்டு 190 நாடுகளுக்கு விரித்தது. பன்னிரண்டு வார உச்ச நெருக்கடியில் தள்ளிப்போகும் அறுவைகள் 2 கோடியே 84 லட்சம்; இந்தியாவில் மட்டும் சுமார் 5 லட்சத்து 80 ஆயிரம். நேரில் எண்ணியதல்ல, மதிப்பீடு என்பதை மறக்க வேண்டாம். நாள் குறித்த அறுவைகளில் 72 விழுக்காடு நின்றிருக்கும் என்றது அது. எலும்பு, மூட்டு அறுவைகள்தான் பட்டியலில் முதலிடம்.

இந்த நிலுவையைத் தீர்க்க எவ்வளவு காலமாகும்? சூத்திரம் வேண்டாம், ரேஷன் கடை போதும். பன்னிரண்டு வாரத்தில் 72 விழுக்காடு நின்றால், ஏறக்குறைய ஒன்பது வார வேலை பாக்கி. கடை மறுபடி திறக்கிறது. வழக்கமாக வருபவர்கள் வந்துகொண்டேதான் இருப்பார்கள், அவர்கள் முழங்கால் ஊரடங்குக்குக் காத்திருப்பதில்லை. ஆகவே பழைய வேகத்தில் இயங்கினால் பாக்கி ஒருநாளும் குறையாது. ஐந்து நாள் வேலையை ஆறு நாளாக்கி, இருபது விழுக்காடு கூடுதலாகச் செய்தால் வாரத்துக்கு ஐந்தில் ஒரு வாரப் பாக்கிதான் தீரும். ஒன்பதை ஐந்தால் பெருக்குங்கள். நாற்பத்தைந்து வாரம். ஆய்வாளர்கள் சொன்னதும் அதே 45 வாரம்தான். மூன்று மாத அடைப்புக்குப் பத்து மாத வாசல் வரிசை. அதுவும் இரண்டாவது அலை வராவிட்டால்.

வரிசை இவ்வளவு நீளமென்றால் யார் முன்னால் நிற்பது?

வந்த தேதிப்படி என்பது எளிது, சண்டை வராது. ஆனால் தேதி வலியை அறியாது. நெப்போலியனின் படை மருத்துவர் டொமினிக் லாரே இருநூறு ஆண்டுக்கு முன்பே ஒரு விதி வைத்தார்: காயத்தின் கடுமைதான் கணக்கு, தோளிலுள்ள பட்டை அல்ல. முன்னுரிமைப் பிரிப்பு என்ற மருத்துவ வழக்கத்துக்கு அவரையே மூலவர் என்பார்கள். 2020இல் சிகாகோ பல்கலைக்கழக மருத்துவர்கள் இதற்கு ஒரு மதிப்பெண் பட்டியல் போட்டார்கள். 21 அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5. மொத்தம் கூடக்கூட அறுவையைத் தள்ளிப்போடலாம் என்று பொருள். எத்தனை நாள் படுக்கை வேண்டும், தீவிர சிகிச்சை தேவைப்படுமா, வயதென்ன, நுரையீரல் எப்படி, சர்க்கரை உண்டா.

நல்ல பட்டியல்தான். ஆனால் நம் ஆவடி அம்மாவை அதில் ஏற்றிப் பாருங்கள். வயதுக்கு மதிப்பெண், சர்க்கரைக்கு மதிப்பெண். எதனால் அவருக்கு அறுவை அதிகம் தேவையோ அதுவே அவரைப் பின்னால் தள்ளுகிறது. அலை உச்சத்தில் அது நியாயம். அவரைக் காப்பதற்காகவே தள்ளுகிறோம். அலை இறங்கிய பிறகும் அதே பட்டியலைக் கையில் வைத்திருந்தால், ஒவ்வொரு முறையும் அவரைவிட இளைய, திடமான ஒருவர் முன்னால் வந்துகொண்டே இருப்பார். இன்னொரு நுட்பமும் உண்டு. தாமதத்தால் வரும் கேட்டையும் அந்தப் பட்டியல் கேட்கிறது. ஆனால் இரண்டு வாரத் தாமதம், ஆறு வாரத் தாமதம் என்றுதான் கேட்கிறது. ஆறு வாரத்தில் எந்த முழங்காலும் பெரிதாகக் கெட்டுவிடாது. ஒன்றரை ஆண்டில் கெடும். வட்டியை முதல் மாதத்தில் மட்டும் பார்த்தால் எந்தக் கடனும் மலிவாகத்தான் தெரியும்.

காத்திருப்பின் வலியை அளக்கவே முடியாதா? முடியும். ஐந்து கேள்விகள் கொண்ட ஒரு படிவம் உலகெங்கும் புழங்குகிறது: நடமாட்டம், தன்னைத் தானே கவனித்துக்கொள்ளுதல், அன்றாட வேலை, வலி, மனக்கவலை. பதில்களைச் சேர்த்து ஒரே எண்ணாக்குவார்கள். 1 என்றால் முழு நலம், 0 என்றால் சாவுக்குச் சமம். 0க்குக் கீழேயும் போகும். அதை ஆய்வாளர்கள் 'சாவைவிட மோசம்' என்றே பெயரிட்டார்கள். பெருந்தொற்றுக்கு முன் பிரிட்டனில் இடுப்பு மூட்டுக்குக் காத்திருந்தவர்களில் 19 விழுக்காடும், முழங்காலுக்குக் காத்திருந்தவர்களில் 12 விழுக்காடும் அந்த நிலையில் இருந்தார்கள். தொற்றுக் காலத்தில் மறுபடி அளந்தபோது 35, 22. கிட்டத்தட்ட இரட்டிப்பு.

பயங்கரமான எண். ஆனால் அந்த நோயாளிகள் யாரும் 'செத்தால் தேவலை' என்று சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அவர்கள் ஐந்து கேள்விக்குப் பதில் சொன்னார்கள். எந்தப் பதில் சாவுக்குக் கீழே என்பதை முடிவுசெய்தது வேறு ஆட்கள், பொதுமக்களிடம் முன்பு எடுத்த கணிப்பு. 'இப்படியே பத்து ஆண்டு வாழ்வீர்களா, நலமாக ஆறு ஆண்டு போதும் என்பீர்களா' என்பதுபோலக் கேட்டுச் சேர்த்த மதிப்பு. அது பிரிட்டன் மக்களின் மதிப்பு. இந்தியாவுக்கென்று தனி மதிப்பு அட்டவணை 2022இல்தான் வந்தது. ஐந்து கேள்வியில் எதுவும் தரையில் சம்மணமிட முடியுமா, குந்தி உட்கார முடியுமா என்று கேட்பதில்லை. வீட்டில் இந்தியக் கழிப்பறை மட்டுமே உள்ள ஒருவருக்கு முழங்கால் என்ன செய்கிறது என்பது 'நடமாட்டம்' என்ற கட்டத்துக்குள் அடங்காது.

இனி யாரும் சத்தமாகப் பேசாத வரிசை. 2020இல் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், ஓமந்தூரார் என்று சென்னையின் பெரிய அரசு மருத்துவமனைகள் கோவிட் சுமையைத் தூக்கின. வேறு யார் தூக்குவார்கள்? தூக்கியதால் அங்கே நாள் குறித்துக் காத்திருந்தவர்கள் பின்னால் போனார்கள். தனியார் மருத்துவமனைகளுக்கோ ஊரடங்கில் வருமானம் விழுந்திருந்தது. நாள் குறித்த அறுவைகள்தான் அவற்றின் வருமானத் தூண். காசும் காப்பீடும் உள்ளவருக்கு அங்கே கதவு முதலில் திறந்தது. 2017 ஆகஸ்டில் மருந்து விலை ஆணையம் செயற்கை முழங்காலுக்கு உச்சவரம்பு வைத்து, அதிகம் புழங்கும் கோபால்ட்-குரோமிய வகையை ஒன்றரை லட்சத்துக்கு மேலிருந்து 54,720 ரூபாய்க்கு இறக்கியது. பெரிய காரியம். ஆனால் கருவியின் விலைதான் இறங்கியது. அறுவைக்கூட வாடகையும் படுக்கையும் இறங்கவில்லை.

தனியார் முதலில் திறந்தது அறமற்றது என்று நான் சொல்லமாட்டேன். அங்கே ஒருவர் குணமானால் வரிசையில் ஒருவர் குறைவுதானே. நான் ஒப்பாதது வேறு: வருமானம் இழந்த நிறுவனமே, திறக்கலாமா என்பதற்கு ஒரே நீதிபதியாகவும் இருந்தது. அலை நடுவில் ஊருக்குத் தேவைப்பட்ட மயக்க மருத்துவரும் செவிலியரும் யாருடைய கணக்கில் வருவார்கள்?

பயணமும் ஒரு வரிசைதான். ஆவடியில் மின்சார ரயிலேறினால் சென்ட்ரல். சாலையைக் கடந்தால் பொது மருத்துவமனை. 2020 மார்ச்சில் அந்த ரயில் நின்றது. 2020 ஜூன் 19 முதல் 30 வரை சென்னையோடு சேர்த்துத் திருவள்ளூர் மாவட்டத்தின் புறநகர்ப் பகுதிகளும் மறுபடி அடைபட்டன. மாநகரப் பேருந்து செப்டம்பர் 1இல் ஓடியது. மின்சார ரயில் அக்டோபரில் அத்தியாவசியப் பணியாளருக்கு மட்டும் வந்தது. முழங்கால் வளைந்த அம்மா அத்தியாவசியப் பணியாளர் அல்ல. அறுவைக்கூடம் திறந்தது என்ற செய்தி அவருக்கு ஆட்டோ கூலியாகத்தான் வந்து சேர்ந்தது.

சரி, அவருடைய முறை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 2021 ஏப்ரல் முதல் வாரம். கையெழுத்து வாங்க ஒரு தாள் நீட்டுகிறார்கள். வழக்கமான ஒப்புதலோடு புதிதாக ஒரு பத்தி: மருத்துவமனையில் கொரோனா தொற்றக்கூடும், சம்மதிக்கிறேன். அறிந்து தரும் ஒப்புதல் என்றால் அறிவது முதலில் நடக்க வேண்டும். ஆனால் அந்தத் தாள் ஒரு பக்கத் தராசைத்தான் காட்டுகிறது. அறுவை செய்தால் வரும் ஆபத்து எழுதியிருக்கிறது. இன்னும் ஆறு மாதம் தள்ளினால் வரும் நஷ்டம் எழுதவில்லை. இப்போது வேண்டாமென்றால் வரிசையில் இடம் போகுமா, இருக்குமா என்பதும் எழுதவில்லை. இடம் போய்விடும் என்று பயந்து போடும் கையெழுத்தில் சம்மதம் எவ்வளவு, நெருக்கடி எவ்வளவு? அம்மா கேட்டதோ இதில் எதுவுமில்லை. "கூட யாராச்சும் இருக்க விடுவீங்களா?" என்றுதான் கேட்டார். ஒருவர் மட்டும், அவருக்கும் சோதனை எடுக்க வேண்டும் என்றார்கள்.

எனக்கு அந்தத் தாளில் இன்னொரு வரி சேர்க்க ஆசை. மூட்டு மாற்று அறுவைக்கூடத்தோடு முடிவதில்லை. உள்ளே உலோகமும் பாலிஎதிலீனும் அன்றே சரியாக உட்கார்ந்துவிடும்; முழங்கால்களில் நூறுக்கு எண்பதுக்கு மேல் இருபத்தைந்து ஆண்டு உழைக்கும் என்று பதிவேடுகளைச் சேர்த்துப் பார்த்த 2019 லான்செட் ஆய்வு சொல்கிறது. ஆனால் அடுத்த ஆறு வாரம் நாள்தோறும் மடக்கி நீட்டாவிட்டால் உள்ளே தழும்பு இறுகி மூட்டு விறைத்துப்போகும். ஆகவே இன்று திறக்கலாமா என்று கேட்பவர், இன்று வார்டில் இடமிருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. இன்னும் ஆறு வாரத்துக்கு இயன்முறை மருத்துவர் வருவாரா, வண்டி ஓடுமா என்றும் பார்க்க வேண்டும். ஏரிக்காரர்கள் இன்றைய மட்டத்தை மட்டுமா பார்க்கிறார்கள்? மேலே பெய்யும் மழையையும் பார்க்கிறார்கள்.

2021 மே 10 அன்று தமிழகம் மறுபடி அடைபட்டது. 21ஆம் தேதி ஒரே நாளில் 36 ஆயிரத்துக்கு மேல் தொற்று. வீட்டு வாசலுக்கே இயன்முறைப் பயிற்சியைக் கொண்டுவந்த 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் ஆகஸ்டில்தான் தொடங்கியது. நடுவில் மகள் செல்போனைத் தலையணைமேல் சாய்த்துவைத்து, திரையில் தெரிந்த பயிற்சியாளர் சொன்னபடி அம்மாவின் காலை மடக்கினாள். பள்ளிக்கூடப் பெட்டியிலிருந்து பேரனின் கோணமானியை எடுத்து அளந்தாள். எழுபத்தைந்து டிகிரி. கையூன்றாமல் நாற்காலியை விட்டு எழ தொண்ணூறுக்கு மேல் வேண்டும்.